அதிமதியர் வட்டத்து மொழிபெயர்ப்பாளர்

அத்தியாயம் 6

அறுபது கேள்வி, அறுபது நிமிடம். மச்சான் பத்தொன்பதுக்குத்தான் சரியாகப் பதில் எழுதியிருந்தான். அந்தப் பத்தொன்பதில் ஒன்று அவனுடைய பிறந்த தேதி.

"நீங்க வாசல் ஹாலோட நின்னுக்கணும்," என்றாள் விடைத்தாளைத் திருத்திய பெண். "ஐம்பதுக்குக் கீழ எடுத்தவங்களுக்கு உள்ள அனுமதி இல்லை."

"ஹால்ல உட்கார நாற்காலியாவது உண்டா?"

"இருபதுக்கு மேல எடுத்தா உண்டு."

துப்பறிவாளர் ஐம்பத்தேழு எடுத்திருந்தார். அறுபதும் எடுத்தால் சந்தேகப்படுவார்கள் என்று மூன்றை வேண்டுமென்றே தப்பாக எழுதியதாகப் பிறகு சொன்னார். மச்சான் அதை முழுசாக நம்பவில்லை. ஐம்பத்தைந்தைத் தாண்டியவர்கள் தங்களோடு ஒரு பணியாளரை அழைத்துப் போகலாம் என்று சுவரில் விதி எழுதியிருந்ததால் அவனுக்கும் கதவு திறந்தது.

மச்சான் என்பது அவன் பெயர் இல்லை. துப்பறிவாளருடைய மனைவியின் தம்பி. அவர் அப்படிக் கூப்பிடுவதைக் கேட்டுத் தெருவே கூப்பிட ஆரம்பித்துவிட்டது. முப்பத்தெட்டு வயதுக்குள் பதினோரு வேலை பார்த்து, பதினொன்றிலிருந்தும் வாய்த்துடுக்கால் வெளியே வந்து, பன்னிரண்டாவதாக அத்தானிடம் ஒட்டிக்கொண்டவன்.

வழக்கு சிக்கலானதாகத் தெரியவில்லை. எழுத்தாளர் ஒருவர் ஏழு விஞ்ஞான நாவல்கள் எழுதியிருந்தார். ஏழிலும் அதிமதியர் என்றொரு கூட்டம் வரும். சாதாரண அப்பா அம்மாவுக்குப் பிறந்தவர்கள்தான், ஆனால் மூளை மட்டும் பல மடங்கு. நாம் ஒரு பக்கம் வளவளப்பதை அவர்கள் மூன்று எழுத்தில் முடித்துவிடுவார்கள். அதற்கென்று தனியாக அதிமொழி. அந்த நாவல்களை ரயிலில் படித்துவிட்டு இறங்கும்போது மறந்தவர்கள் ஆயிரக்கணக்கில். மறக்காமல் அந்த மொழியை மனப்பாடம் செய்து, அதிமதியர் தாங்களேதான் என்று நம்ப ஆரம்பித்தவர்கள் நாற்பது பேர். அவர்கள் சேர்ந்து நடத்துவது இந்த வட்டம். மூளைத்திறன் பயிற்சி நிலையம் வைத்திருக்கும் ஒருவர் தலைவர்.

மூன்று மாதத்துக்கு முன்னால் எழுத்தாளர் இங்கே பேச வந்த இடத்தில் பக்கவாதம் வந்து விழுந்தார். வலது கையும் பேச்சும் போயிற்று. வட்டத்தார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், அங்கிருந்து நேராகத் தங்கள் கட்டிடத்துக்கே கொண்டு வந்துவிட்டார்கள். பல் டாக்டரான அவருடைய ஒரே மகள் பதறி ஓடி வந்தபோது தலைவர் வாசலிலேயே நிறுத்தினார். "உங்கப்பா பேசறார். அதிமொழியில பேசறார். உங்களைப் பார்க்க இஷ்டமில்லைன்னு சொல்றார்."

அவளுக்கும் அப்பாவுக்கும் இரண்டு வருடமாகப் பேச்சு இல்லை. இல்லாத மனுஷங்களை எழுதி எழுதியே இருக்கிற மனுஷங்களை விட்டுட்டீங்க என்று அம்மாவின் படத்துக்கு முன்னால் நின்று கத்திவிட்டுப் போனவள் அவள். அதனால் தலைவர் சொன்னதைப் பாதி நம்பினாள். நம்பாத பாதிதான் துப்பறிவாளரின் வாசல் மணியை அடித்தது.

இன்று நாலு மணிக்கு எழுத்தாளரை மலைமேல் இருக்கும் வட்டத்து மாளிகைக்கு வேனில் ஏற்றப்போகிறார்கள். அங்கே போய்விட்டால் அவர்கள் வைத்ததுதான் சட்டம். இன்ஸ்பெக்டர் கையை விரித்துவிட்டார். "வீட்டுக்குப் போறேன்னு அவரே தெரிவிக்கட்டும், இப்பவே அனுப்பி வைக்கிறேன். தெரிவிக்கலைன்னா தலைவர் சொல்றதைத்தான் நான் எழுதிக்கணும்." தலையாட்டச் சொல்லலாம் என்றால் அதற்கும் வழி இல்லை. சொல்வதும் படிப்பதும் அவருக்குப் புரிகிறது, ஆனால் எழுத வராது, ஆமாவுக்கும் இல்லைக்கும் தலை ஒரே ஆட்டம்தான் ஆடுகிறது என்று ஆஸ்பத்திரி டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார்.

எழுத்தாளரின் அறை சுத்தமாக இருந்தது. கண்ணாடி ஜன்னல், வெள்ளைப் படுக்கை, பூச்சாடி. எல்லாம் இருந்தும் ஒரு பேனாவோ துண்டுக் காகிதமோ இல்லை. எழுத்தாளரின் அறையில் அது இல்லாதது மச்சானுக்கே உறுத்தியது.

"அதிமதியர் எழுதறதில்லை," என்றார் தலைவர். மெலிந்த மனிதர். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் கண்ணை மூடித் திறந்தார். "எழுதறது கீழ்நிலை மூளைக்கு."

எழுத்தாளர் வந்தவர்களைப் பார்த்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. "லா... பூ... கா," என்றார்.

தலைவர் கண்ணை மூடித் திறந்தார். "மலைக்குப் போகும் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறேன், அங்கேதான் என் எட்டாவது நாவல் முடியும், அதற்குள் யாரும் என்னைத் தொந்தரவு செய்ய வேண்டாம்னு சொல்றார்."

"அவ்வளவும் மூணு எழுத்துலயா?" என்றான் மச்சான். "எங்கக்காவுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தா அத்தானுக்கு வாழ்க்கையில பாதி மிச்சம்."

படுக்கையில் எழுத்தாளரின் இடது கை அசைந்தது. ஆள்காட்டி விரல் விரிப்பின் மேல் ஒரு கோட்டை இழுத்து, முடிவில் ஒரு சுழி சுழித்து, வாலை மேலே தூக்கி நிறுத்தியது. தலைவரின் முகம் மலர்ந்தது.

"பார்த்தீங்களா? இசைவு முத்திரை. நான் மொழிபெயர்த்து முடிச்சதும் சரின்னு போடறார். மூணு மாசத்துல ஒரு தடவைகூடத் தவறினதில்லை."

அதே சுழி சுவரில் பித்தளைத் தகட்டில் மின்னியது. தலைவரின் மார்பில் பொத்தானாகக் குத்தியிருந்தது. வாசலில் மச்சானுக்கும் அட்டையில் அச்சடித்த ஒன்றைக் கொடுத்திருந்தார்கள்.

"ஏழு நாவல்லயும் இந்தக் குறி கிடையாதே," என்றார் துப்பறிவாளர்.

"எட்டாவதுல இருக்கு. அவர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதறேன். இருநூறு பக்கம் ஆச்சு." தலைவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அதுல பூமியோட முதல் அதிமதியர் நான்தான்னு வருது. நான் வேண்டாம்னுதான் சொன்னேன். அவர் கேட்கலை."

"அவர் பேசி முடிச்சதும் இந்த முத்திரையைப் போடுவாரா, நீங்க பேசி முடிச்சதுமா?"

"நான் பேசினதும்தான்."

துப்பறிவாளர் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. அத்தான் கேள்வியை நிறுத்தினால் எதையோ பிடித்துவிட்டார் என்று அர்த்தம். எதை என்று தெரியாமல் மச்சானுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

வெளியே டீக்கடை மேஜையில் துப்பறிவாளர் ஏழு நாவல்களையும் பரப்பினார். மணி பதினொன்றரை.

"ஏழு புத்தகம். மூணு பதிப்பகம், நாலு அச்சகம், அஞ்சு ஓவியர். ஏழுலயும் மாறாத பேர் ஒண்ணு இருக்கு."

"எழுத்தாளர் பேரு."

"அதைத் தவிர."

மச்சான் புரட்டினான். கடைசிப் பக்கத்தின் அடியில், எறும்பு படிக்கிற அளவு எழுத்தில், மெய்ப்புப் பார்த்தவர் என்று ஒரு பெண்ணின் பெயர். ஏழிலும் அதே பெயர்.

"அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி பிழை திருத்தறவங்க," என்றார் துப்பறிவாளர். "இப்ப யோசி. நம்ம மொழியில பிழை இருந்தா கண்ல படும். உலகத்துல யாரும் பேசாத மொழி. அதுல எது பிழை, எது சரின்னு அந்தம்மா எப்படித் திருத்தினாங்க?"

மச்சான் டீயைக் கீழே வைத்தான். பத்தொன்பது மார்க் மூளைக்குக்கூட அந்தக் கேள்வி நன்றாக ஏறியது.

மெய்ப்புக்காரம்மா ஒரு மருந்துக் கம்பெனியின் இரண்டாம் மாடியில் இருந்தார். மருந்து டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதத்தை யாராவது படிப்பார்களா என்று மச்சானுக்குப் பல நாள் சந்தேகம். இவர் படிக்கிறார் என்று இன்றுதான் தெரிந்தது. அறுபத்தைந்து வயது, மூக்குக் கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடி, கையில் சிவப்புப் பேனா. மேஜையில் இருந்த தாள்களின் ஓரமெல்லாம் கொசு அடித்த மாதிரி சிவப்புக் கோடுகள்.

"அதிமொழியா?" என்று கேட்டுவிட்டுப் பேனாவை மூடினார். "அதைக் கேட்டு இத்தனை வருஷத்துல யாரும் வந்ததில்லை. ஏன், ஏதாவது தப்பாயிடுச்சா?"

துப்பறிவாளர் சுருக்கமாகச் சொன்னார். கேட்டு முடிப்பதற்குள் அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது.

"அவருக்கு அந்த மொழியில ஒரு வார்த்தைக்குக்கூட அர்த்தம் தெரியாதே," என்றார்.

மச்சான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"கையெழுத்துப் பிரதியில பெட்டி போட்டு, இங்க அவங்க பேசறாங்க, மூணு வரின்னு எழுதிட்டுப் போயிடுவாரு. முதல் நாவலுக்கு நான் கூப்பிட்டுக் கேட்டேன், என்ன சார் போடறதுன்னு. உனக்குத் தோணினதைப் போடும்மா, மேதைங்க பேசறது நமக்கா புரியப் போகுதுன்னாரு. எனக்கு என்ன தோணும்? அப்ப என் பொண்ணுக்கு ஒரு வயசு. பார்த்துக்க ஆள் இல்லை, மேஜைக்கடியில விட்டிருப்பேன். அது உளறினதை அப்படியே எழுதிக் கொடுத்தேன். ஒரு நோட்டு முழுக்க எழுதி வச்சுக்கிட்டேன். ஏழு நாவலும் அதுலதான் ஓடுச்சு."

"லாபூகான்னா?" என்றான் மச்சான். "வட்டத்து அகராதியில தனித்திருக்கும் பேரறிவின் ஒளின்னு போட்டிருக்கு."

"பால் பாட்டிலைத் தூக்கிப் போட்டுட்டுச் சொல்லும்."

மச்சான் சிரித்தான். துப்பறிவாளர் சிரிக்கவில்லை. "இதை வச்சு அவரை வெளிய கொண்டுவர முடியாதும்மா. அப்புறம் கத்துக்கிட்டாருன்னு தலைவர் சொல்லிடுவாரு. நாலு மணிக்கு வேன் கிளம்புது."

அம்மா மூடிய பேனாவை மேஜையில் உருட்டினார். பழைய கோபம் ஒன்று ஞாபகம் வந்தவராக, "தன் கதையை மட்டும் பக்கம் பக்கமா வெட்டுவாரு," என்றார். "மெய்ப்பு வந்தா எதிர்ல உட்கார்ந்து அவரும் ஒரு பேனா எடுத்துக்குவாரு. எழுதினதைவிட எடுத்ததுதான் அதிகம். நல்லா இருக்கு சார், விடுங்கன்னு நான் சண்டை போடணும். முப்பது வருஷம்."

மச்சான் சட்டைப் பையிலிருந்து அட்டைப் பொத்தானை எடுத்து மேஜையில் போட்டான். "இப்ப வெட்டறதெல்லாம் இல்லை. தலைவர் எது சொன்னாலும் இதைப் போட்டுச் சம்மதம் குடுக்கறாரு."

அம்மா மேல் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். பிறகு மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"இதை அவரே போட்டாரா?"

"எங்க கண்ணு முன்னாடி."

"எந்தக் கையால?"

"இடது கை."

மெய்ப்புக்காரம்மா எழுந்து கைப்பையை எடுத்தார். மருந்துத் தாள் நாலைந்தை மடித்து உள்ளே வைத்தார். சிவப்புப் பேனாவையும் போட்டுக்கொண்டார். "நான் வரேன். வழியில எதுவும் கேட்காதீங்க. எனக்கு அழுகை வந்துடும்."

மூன்றே முக்காலுக்கு வேன் வாசலில் நின்றது. பொத்தான் குத்திய நாற்பது பேரும் வரிசை கட்டியிருந்தார்கள். எழுத்தாளரைச் சக்கர நாற்காலியில் கொண்டு வந்தார்கள். இன்ஸ்பெக்டர் ஒரு ஓரமாக நின்று கடிகாரத்தைப் பார்த்தார். அவர் பக்கத்தில் பல் டாக்டர், நோயாளிகளை விட்டுவிட்டு அப்படியே வந்திருந்தாள்; வெள்ளை மேலங்கியைக் கழற்ற மறந்திருந்தாள்.

"கடைசியா ஒரு தடவை கேளுங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

தலைவர் குனிந்து எதையோ கேட்டார். எழுத்தாளர் மகளைப் பார்த்துக்கொண்டே, "லா... லா..." என்றார். அதற்கு மேல் வரவில்லை.

"நான் என் மக்களோடு இருக்க விரும்புகிறேன், மகளைப் பார்க்க விரும்பவில்லைன்னு சொல்றார்."

பல் டாக்டர் தலையைக் குனிந்துகொண்டாள். மச்சானுக்கு அந்த நிமிடம் தலைவரின் மூளையைக் கையால் எடுத்துப் பார்க்க வேண்டும்போல ஆத்திரம் வந்தது.

"அதை எழுதிக் குடுங்க," என்றார் துப்பறிவாளர். "இன்ஸ்பெக்டருக்கு எழுத்துல வேணும்."

தலைவர் அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தார். துப்பறிவாளர் தாளை ஒரு அட்டையில் செருகினார். மெய்ப்புக்காரம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். எழுத்தாளரின் மடியில் அட்டையை வைத்து, இடது கையில் சிவப்புப் பேனாவைச் செருகினார். அவரைப் பார்த்ததும் எழுத்தாளரின் கோணிய வாய் இன்னும் கோணிற்று. அது சிரிப்பு என்று புரிய மச்சானுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"மெய்ப்பு வந்திருக்கு சார்," என்றார் அம்மா. "பாருங்க."

பேனா நடுங்கியபடி நகர்ந்தது. தலைவர் எழுதியதன் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே கோடு. ஓரத்தில் அதே சுழி, அதே வால்.

"இசைவு முத்திரை," என்றார் தலைவர். "இன்ஸ்பெக்டர், இதுக்கு மேல என்ன வேணும்?"

மெய்ப்புக்காரம்மா கைப்பையிலிருந்து மருந்துத் தாள்களை எடுத்து இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார். "இது நான் திருத்தின தாள். இது அதுக்கப்புறம் அச்சாகி வந்தது. ஓரத்துல அந்தச் சுழி இருக்கிற இடமெல்லாம் பாருங்க. ரெண்டாவது தாள்ல அந்த வரி இருக்கா?"

இன்ஸ்பெக்டர் ஒரு தாளைப் பார்த்தார், இன்னொன்றைப் பார்த்தார். மூன்று இடங்களில் விரல் வைத்துத் தேடினார். "இல்லையே."

"இருக்காது. உலகத்துல மெய்ப்புப் பார்க்கிற அத்தனை பேரும் போடற குறி அது. இதை எடுத்துடுன்னு அர்த்தம். மூணு மாசமாத் தலைவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் சார் அதைத்தான் சொல்லிக்கிட்டிருந்திருக்காரு."

வரிசையில் ஒருவர் மெல்லக் குனிந்து தன் மார்பைப் பார்த்துக்கொண்டார். பக்கத்தில் இருந்தவரும் பார்த்தார். நாற்பது பேரும் பார்த்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"ஐம்பதுக்கு மேல எடுத்தவங்கதானே எல்லாரும்," என்றான் மச்சான். "எனக்கு அட்டையில குடுத்தீங்களே, பரவாயில்லை. கழட்டறது சுலபம்."

தலைவர் கண்ணை மூடினார். இந்த முறை திறக்க நேரமானது. "அவர் சொன்னது எனக்குக் கேட்டுச்சு," என்றார் மெதுவாக. "நிஜமாவே கேட்டுச்சு." மச்சான் ஒரு பதிலை வாய்வரைக்கும் கொண்டு வந்து, என்னவோ சொல்லத் தோன்றாமல் விழுங்கினான்.

"அவர் இங்க இருக்க விரும்பலைங்கறது தெரியுது," என்றார் இன்ஸ்பெக்டர் துப்பறிவாளரிடம். "மக கூடப் போகணும்னு விரும்பறாரான்னு எனக்குத் தெரியணும். ரெண்டு வருஷமாப் பேச்சு இல்லைன்னு நீங்களே சொன்னீங்க."

துப்பறிவாளர் புதுத்தாள் ஒன்றை அட்டையில் செருகிப் பல் டாக்டரிடம் கொடுத்தார். அவள் மேலங்கிப் பையிலிருந்து தன் பேனாவை எடுத்தாள். பிறகு ஒரே வரி எழுதினாள். எழுதியதைத் திரும்பப் படிக்காமல் அப்பாவின் மடியில் வைத்தாள்.

அப்பா, என் மேல் கோபம் இருந்தாலும் வீட்டுக்கு வாருங்கள்.

எழுத்தாளர் படித்தார். கோணிய உதடு அசைந்தது. பேனா 'என் மேல்' என்ற இடத்தில் இறங்கிக் கோடு இழுத்தது. 'கோபம்' அடிபட்டது. 'இருந்தாலும்' அடிபட்டது. கை நிற்கவில்லை, 'வீட்டுக்கு வாருங்கள்' மேலும் கோடு ஓடி, வரியின் கடைசிக்குப் போய்த்தான் நின்றது. ஓரத்தில் சுழி விழுந்தது.

பல் டாக்டர் ஒரு அடி பின்னால் போனாள். தலைவர் நிமிர்ந்தார்.

"இருங்க," என்றார் மெய்ப்புக்காரம்மா. "இன்னும் பேனாவைக் கீழ வைக்கலை."

பேனா திரும்பி வந்தது. அடித்த வரியின் அடியில், கடைசி இரண்டு வார்த்தைகளுக்குக் கீழே, நடுங்கி நடுங்கி ஒவ்வொரு புள்ளியாக வைத்தது. ஐந்து புள்ளி வைத்ததும் எழுத்தாளர் பேனாவை விட்டார். நிமிர்ந்து மகளைப் பார்த்தார்.

"அந்தப் புள்ளி எதுக்கும்மா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

மெய்ப்புக்காரம்மா இரண்டு கண்ணாடியையும் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கை தவறி அடிச்சிட்டா அடியில புள்ளி வைப்போம். இது அப்படியே இருக்கட்டும்னு அர்த்தம். அதுக்கு முன்னால இருக்கிற கோபம்தான் வேண்டாமாம்."

பல் டாக்டர் நாற்காலியின் பின்பக்கம் போய்ப் பிடியைப் பிடித்தாள். வேனைத் தாண்டி, நாற்பது பேரைத் தாண்டி, தெருவை நோக்கித் தள்ளிக்கொண்டு போனாள். சிவப்புக் கோடு போட்ட தாள் அப்பாவின் மடியில் இருந்தது. அது காற்றில் பறந்துவிடாமல் அவருடைய இடது கை அழுத்திப் பிடித்திருந்தது.